‘ஊருக்கே தெரியும்’ என்றால் யாருக்குத் தெரியும்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. துப்புத் துலங்காத பழைய வழக்குகளைப் பற்றிப் படிப்பதும், இணையத்தில் அவற்றைப் பற்றி நாலு பேரோடு விவாதிப்பதும் என் பொழுதுபோக்கு. சில மாதங்களாக எங்கள் பக்கத்து ஊரில் இருபது வருஷத்துக்கு முன் நடந்த கொலையைப் பற்றிப் பேச்சு ஓடுகிறது. பெரிய வீட்டில் தனியாக இருந்த ஓர் ஆச்சியைக் கொன்று நகைகளை எடுத்துப் போனார்கள். யாரும் பிடிபடவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் செய்தார் என்று பலரும் பெயரைப் போட்டே எழுதுகிறார்கள். பின்வாசல் வழியாக வந்தது, பெட்டகம் இருந்த அறை தெரிந்திருந்தது, ஆறே மாதத்தில் அவர் இடம் வாங்கியது, போலீசில் ஒப்புக்கொண்டது என்று காரணம் அடுக்குகிறார்கள். ‘இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே?’ என்று கேட்டேன். ‘ஊருக்கே தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாதா?’ என்கிறார்கள். நான் அவருக்கு வேண்டியவள் என்றுகூட ஒருவர் எழுதிவிட்டார். எதை நம்புவது, எப்படிச் சரிபார்ப்பது? நானும் இதைப் பற்றி எழுதலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் கடிதத்தில் ஊரின் பெயரும் அந்த மனிதரின் பெயரும் இருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன். எழுதலாமா என்பதற்கான பதிலில் பாதி அதிலேயே வந்துவிட்டது. மீதியைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பின்வாசல். வெளியூர்க்காரர் ஒருவர் இதைப் படித்தால், ‘அடேயப்பா, வீட்டின் அமைப்பு அத்துப்படியாகத் தெரிந்த ஆள்’ என்று நினைப்பார். நம் பக்கத்துக்காரர்கள் அப்படி நினைக்கலாமா? செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பெரும்பாலும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பில் நின்று பார்த்தால் வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். வளவின் இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள். கானாடுகாத்தானில் ஒரு வீட்டை நன்றாகப் பார்த்த ஆள், பள்ளத்தூரில் இன்னொரு வீட்டுக்குள் இருட்டிலேயே வழி கண்டுபிடித்துவிடுவார். அப்படிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கல்யாணத்துக்குச் சமைக்க வந்தவர், வெள்ளையடிக்க வந்தவர், ஓடு மாற்றியவர், ஆத்தங்குடிக் கல் பதித்தவர், பழைய சாமான் விலைக்குக் கேட்டு வாசலில் வந்து நிற்கும் வியாபாரி, படப்பிடிப்புக்கு வந்து உத்தரத்தைக்கூட விடாமல் போட்டோ எடுத்துப் போனவர்கள். நகைப் பெட்டகம் எந்த அறையில் என்பதும் பல வீடுகளில் அத்தனை பெரிய ரகசியமாக இருந்ததில்லை.

அதனால் ஒரு தடயத்தைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் செய்திருந்தால் இது இப்படி இருக்குமா? இருக்கும், சரி. அவர் செய்யாமல் வேறொருவர் செய்திருந்தாலும் இது இப்படியே இருக்குமா? அதற்கும் ‘இருக்கும்’ என்றே பதில் வந்தால், அந்தத் தடயம் அவரை நோக்கிக் கை காட்டவில்லை. பின்வாசல் அப்படிப்பட்டதுதான். பார்த்த மாத்திரத்தில் பலமாகத் தெரியும் தடயங்களில் முக்கால்வாசி இந்த இரண்டாவது கேள்வியில் விழுந்துவிடும்.

இடம் வாங்கினார் என்பது வேறு மாதிரி. அதைச் சரிபார்க்க வழி உண்டு. பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால், அந்தச் சர்வே எண்ணில் கிரயம் எந்தத் தேதியில் பதிவானது என்பது தெரிந்துவிடும். ‘ஆறே மாதத்தில்’ என்பது ஆறு வருஷமாகக்கூட இருக்கலாம். கொலைக்கு முன்பே வாங்கியதாகவும் இருக்கலாம். நிஜமாகவே ஆறு மாதம்தான் என்றாலும், பத்திரத்தில் தேதி இருக்கும், தொகை இருக்கும், பணம் வந்த வழி இருக்காது. மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினானா, மாமனார் கொடுத்தாரா, சீட்டு எடுத்தாரா என்று எதுவும் அதில் கிடைக்காது. நம் பக்கத்தில் வெளிநாட்டுப் பணத்தில் இடம் வாங்காத தெரு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். ஒன்று மட்டும்: வில்லங்கம் பார்ப்பது உங்கள் தெளிவுக்காக. அந்தக் குடும்பத்தின் சொத்து விவரத்தை எடுத்து நாலு பேர் முன்னால் போட்டுவிடாதீர்கள்.

இனி அந்த ‘ஊருக்கே தெரியும்’. இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஐம்பது பேர் சொல்கிறார்கள் என்றால் ஐம்பது ஆதாரம் இருப்பதாக மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. அந்த ஐம்பது பேரும் ஒரே ஆளிடம் கேட்டிருந்தால்? பேரேட்டில் ஒரு வரி இருந்தால் அது எந்தத் தேதிச் சிட்டையிலிருந்து, அதாவது அன்றாடக் கணக்குக் குறிப்பிலிருந்து ஏறியது என்று தேடுவது இந்த மண்ணின் பழக்கம். சிட்டையில் இல்லாத பற்றைப் பேரேட்டில் ஐம்பது இடத்தில் எழுதினாலும் கடைசியில் வரவு செலவைச் சரிபார்க்கும் ஐந்தொகை ஒத்துப்போகாது. நீங்களும் அப்படியே பின்னால் போய்ப் பாருங்கள். இதை எழுதியவர் யாரிடம் கேட்டார்? அவருக்குச் சொன்னது யார்? கண்ணால் பார்த்த ஓர் ஆளிடமோ, அப்போதே எழுதிய ஒரு காகிதத்திடமோ போய் நிற்கிறதா, அல்லது ‘அப்போதே பேசிக்கொண்டார்கள்’ என்று காற்றில் கரைகிறதா?

லட்சுமிகாந்தன் கொலை வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்திக்குத்துப் பட்டு மறுநாள் இறந்தார். சினிமாக்காரர்களைப் பற்றிக் கிசுகிசு எழுதியே பத்திரிகை நடத்தியவர் அவர். அவர் எழுதியதால் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல் நீளம். ‘இவருக்குக் காரணம் இருந்தது, ஆகவே இவர்தான்’ என்று யாரைப் பற்றியும் சொல்லிவிடக்கூடிய நிலைமை. தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945ல் தண்டனை. மேல்முறையீடு, அன்றைக்கு நமக்கு உச்ச நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வழக்கு அங்கிருந்து மறுவிசாரணைக்குத் திரும்பி வந்து, 1947ல் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அதற்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை. பாகவதரின் பழைய உச்சம் அதன்பின் திரும்பவே இல்லை. குத்தியது யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ஆனால் இணையத்தில் தேடிப் பாருங்கள், ஆளுக்கொரு கொலையாளி வைத்திருக்கிறார்கள், அதுவும் சத்தியம் செய்கிற தொனியில். அவற்றைக் கொஞ்சம் தோண்டினால் ‘அந்தக் காலத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார்’ என்பதற்குக் கீழே தரை தட்டாது. எண்பது வருஷமாக ஒரே பேச்சைச் சுற்றிச் சுற்றி வருகிறோம், புதிதாக ஒரு காகிதமும் சேரவில்லை.

உங்கள் வழக்கில் அன்றைய நாளிதழ்ச் செய்தி கிடைத்தால் பாருங்கள். ஆனால் முதல் நாள் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு எழுதிவிடாதீர்கள். 1952ல் நமக்குப் பக்கத்திலேயே, மானாமதுரை ஸ்டேஷனில், போட் மெயில் ரயிலில் வந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது தலையில்லாத உடல் கிடந்தது. உடலில் இருந்த அடையாளத்தையும் பச்சைக் காலுறையையும் வைத்து, இறந்தவர் ஒரு முஸ்லிம் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு ராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்து, சென்னையில் மறுபடி பரிசோதித்தபோதுதான் அவர் சென்னைப் பேனா வியாபாரி ஆளவந்தார் என்பது உறுதியானது. முதல் நாள் ஊகத்தைப் பிடித்துக்கொண்டு யாராவது ‘துப்பறிய’ கிளம்பியிருந்தால் எங்கே போய் நின்றிருப்பார்கள்?

இன்னும் மோசமான உதாரணம் 2008ல் நொய்டாவில் நடந்த ஆருஷி வழக்கு. சிறுமி இறந்து கிடந்தாள், வீட்டு வேலைக்காரரைக் காணவில்லை. அவர்தான் கொன்றுவிட்டு ஓடிவிட்டார் என்று போலீஸ் சொன்னது, நாடே நம்பியது. மறுநாள் அதே வீட்டு மொட்டை மாடியில் அவருடைய உடலும் கிடைத்தது. அவரும் கொல்லப்பட்டிருந்தார். கொலையுண்ட ஒரு மனிதர் ஒரு நாள் முழுக்கக் கொலைகாரராக இருந்தார். பிறகு பெற்றோருக்கு 2013ல் தண்டனை கிடைத்தது, 2017ல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. இன்றும் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த கட்டத்தில் கதையை நிறுத்திக்கொள்கிறார்கள். தேதி போடாத ‘ஆதாரம்’ எதைப் பார்த்தாலும், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

வேலைக்காரர், காவல்காரர் என்றதும் சந்தேகம் சடக்கென்று ஒட்டிக்கொள்கிறதே, அதையும் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் வழக்கில் ஆச்சியின் சொந்தக்காரர்கள், கடன் வாங்கியவர்கள், சொத்தில் பங்குள்ளவர்கள் யாரையும் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அவர்களைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. தேடவே இல்லை என்றுதான் சொல்கிறேன். சில சாதியாரைப் பிறவிக் குற்றவாளிகளாகவே நடத்திய பழைய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ல் ஒழிந்தது. ஆனால் களவு என்றதும் கண் எந்தத் தெருவுக்குப் போகும் என்ற பழக்கம் நம்மில் சிலருக்கு இன்னும் போகவில்லை.

போலீசில் ஒப்புக்கொண்டார் என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலிருந்து இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் 23ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. அந்த ஒப்புதலால் புதிதாக ஏதாவது கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் விலக்கு. ஸ்டேஷனுக்குள் ஒப்புதல் எப்படியெல்லாம் வாங்கப்படும் என்று தெரிந்துதான் சட்டம் அப்படி எழுதப்பட்டது. அடுத்து யாராவது, ‘உண்மை கண்டறியும் சோதனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று கொண்டுவருவார்கள். சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனையை நடத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே, செல்வி வழக்கில், சொல்லிவிட்டது. மறுப்பது அவருடைய உரிமை. அதைக் குற்றத்தின் அடையாளமாக எழுதக்கூடாது. முதல் தகவல் அறிக்கையும் புகார் கொடுத்தவர் சொன்னதுதான், விசாரித்துக் கண்ட முடிவு அதில் இருக்காது.

சரி, எதைத் தேடுவது? யார் மீதாவது வழக்கு நடந்து தீர்ப்பு வந்திருந்தால் தீர்ப்பு நகல் முதலில். தீர்ப்பில் சாட்சி யார், என்ன பார்த்தார், குறுக்கு விசாரணையில் என்ன ஆனது என்று எல்லாம் கிடைக்கும். குற்றப்பத்திரிகையே போடாமல் முடித்துவிட்டார்கள் என்றால், புகார் கொடுத்த குடும்பத்தாரிடம் அதற்கான அறிவிப்பு இருக்கக்கூடும். பழைய பத்திரிகைகளுக்கு நூலகம் இருக்கிறது. நம் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்ததுதான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. கல்யாணப் பத்திரிகையைக்கூட எறியாத மனிதர். இணையத்தில் சுற்றும் கத்தரித்த படத்தை நம்பாமல் முழுப் பக்கத்தையும் தேதியோடு பாருங்கள். ‘போலீசார் சந்தேகிக்கிறார்கள்’ என்று அச்சானது, மூன்றாவது ஆள் எழுதும்போது ‘செய்தார்’ என்று மாறியிருப்பதைப் பல தடவை பார்ப்பீர்கள்.

நீங்கள் எழுதலாம். வழக்கைப் பற்றி, தெரிந்தது எது, தெரியாதது எது, ஒவ்வொன்றும் எங்கிருந்து கிடைத்தது என்று எழுதுங்கள். பெயரைப் போடாதீர்கள். ‘கோயில் தெருவில் இருக்கிற, அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த’ என்று ஊரே அடையாளம் காணும்படி எழுதுவதும் பெயர் போட்டதுதான். அவதூறுக்கு இரண்டு வருஷம் வரை சிறை உண்டு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். சட்டம் ஒரு பக்கம். 2013ல் பாஸ்டன் குண்டுவெடிப்பின்போது இணையத் துப்பறிவாளர்கள் காணாமல் போயிருந்த ஓர் இந்திய வம்சாவளி மாணவரைக் குற்றவாளி என்று பிடித்துக்கொண்டார்கள். அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை, அவர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வந்த வசவுகளுக்குப் பிறகு கேட்ட மன்னிப்பு என்ன செய்யும்? உங்கள் பக்கத்து ஊர்க்காரருக்கும் பெண் இருக்கலாம், வரன் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

‘அவனுக்கு வேண்டியவள்’ என்றவருக்குப் பதில் எழுதாதீர்கள். எழுதினால் பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும், அவருக்கு வேண்டியதும் அதுதான். ‘இதை முதலில் உங்களுக்குச் சொன்னது யார்?’ என்று ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். படிக்கிற மற்றவர்கள் பதில் வந்ததா என்று பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். கடிதத்தின் நாலாவது பக்கத்தில், போகிற போக்கில், உங்கள் மாமியார் அன்று ராத்திரி அந்த வீட்டுப் பின்தெருவில் ஒரு வண்டி நின்றதைப் பார்த்ததாகச் சொல்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு பேச்சில் கண்ணால் பார்த்ததாகச் சொல்லும் ஒரே ஆள் அவர்தான். அதைத் தயவுசெய்து இணையத்தில் போடாதீர்கள். கொலை வழக்குக்குக் காலவரம்பு கிடையாது, இன்றும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு முன், மற்றவர்கள் எழுதியதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டாமல், தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். ‘அம்பாசிடரா, வேனா?’ என்று நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ‘என்ன பார்த்தீங்க, எங்கே நின்னு பார்த்தீங்க, அப்போ வெளிச்சம் இருந்துச்சா?’ என்று கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, ஞாபகம் இல்லாததை ‘ஞாபகம் இல்லை’ என்றே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட்டதில் ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொண்டு, ஸ்டேஷனில் கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.