பாட்டி சாப்பாட்டுக்கே திரும்பிவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. சொந்த ஊர் தருமபுரி பக்கம். இருபது வருடமாகச் சென்னையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. போன மாதம் எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1. என் பாட்டி களியும் கூழும் சாப்பிட்டே 88 வயது வரை சர்க்கரை நோய் இல்லாமல் இருந்தார். நானும் அதற்கே திரும்பி, பூரி, பலகாரம், இனிப்பெல்லாம் விசேஷத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாமா? கணவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் இதையே கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகத் திரும்புங்கள். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியே இதிலிருந்து மீண்டவர்கள் உண்டு. ஆனால் பாட்டியிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தானியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அரிசி விஷம், கேழ்வரகு மருந்து என்று ஒரு நம்பிக்கை. கலோரிக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்தில் கேழ்வரகு உசத்திதான்: 100 கிராமில் சுமார் 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட வராது. சுண்ணாம்புச்சத்தும் அதில் ஏராளம். ஆனால் அதையே மாவாக நைசாக அரைத்து, சலித்து, கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை மடமடவென்று ஏறும். நாட்டுச் சர்க்கரை கலந்த ராகி மால்ட்டை ஒரு டம்ளர் குடித்துவிட்டு, “கூழ்தானே டாக்டர்” என்று சிரிப்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம் எல்லாம் சர்க்கரைதான் அம்மா.

ஆகவே கூழைவிடக் களி நல்லது. சலிக்காத மாவில் கிண்டி, கீரைக் கடைசலோ கொள்ளோ மொச்சையோ தாராளமாக வைத்துச் சாப்பிடுங்கள். உருண்டை உங்கள் கைப்பிடி அளவில் ஒன்று போதும். பாட்டியின் உருண்டை பெரிதாக இருந்திருக்கும், ஆனால் அவர் அதைத் தின்றுவிட்டுக் களை பறிக்கப் போனார்.

எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பிடித்தது ‘விசேஷத்துக்கு மட்டும்’ என்ற இடம். உங்கள் ஊர்ப் பக்கம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அரிசிச் சோற்றுக்கு ‘நெல்லுச்சோறு’ என்று தனிப் பெயரே இருந்தது, அவ்வளவு அபூர்வம். தோசை தீபாவளிக்கு, அதிரசம் நோன்புக்கு. எண்ணெய்ச் சட்டி அடுப்பேறிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாட்டியைக் காப்பாற்றியதில் களிக்கு எவ்வளவு பங்கோ, இந்த அபூர்வத்துக்கும் உழைப்புக்கும் அதைவிடக் கூடுதல் பங்கு என்பது என் எண்ணம்.

இப்போது நமக்கு எது விசேஷம்? அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள், பையனுக்கு நல்ல மார்க், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, மழை பெய்தால் பஜ்ஜி. போன மாதத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பத்து நாளைத் தாண்டினால் அதற்குப் பெயர் விசேஷம் இல்லை. மாதத்துக்கு இரண்டு நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அதிரசம் இரண்டு சாப்பிட்டாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம். இரண்டு இட்லியும் சாம்பாரும் இந்தக் கணக்கில் வராது, பயப்படாதீர்கள்.

உப்பு விஷயத்தில் மட்டும் பாட்டியைப் பின்பற்றாதீர்கள். கருவாடு, ஊறுகாய், வற்றல் எல்லாம் சேர்த்து ஒரு நாள் உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும், அதுவும் அயோடின் சேர்த்ததாக. சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் நடங்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சியை மறுபடி பாருங்கள், அதற்கு முன்னால் பார்த்துப் பயனில்லை.

அப்புறம், கணவர். கிளிமிபிரைடு, கிளிக்கிளாசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து, கை நடுங்கி, மயக்கம்கூட வரலாம். மாத்திரைச் சீட்டை அவருடைய மருத்துவரிடம் காட்டி, அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் அவர் தட்டில் களி வையுங்கள். அவராக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.