ஆலைக்கழிவால் கஷ்டப்படும் ஏழைக் குடும்பத்தைப் படம் எடுத்து வெளியிட்டால் அவர்களுக்கு உண்மையில் உதவி கிடைக்குமா?

கிடைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது. ஆனால் எந்தப் படத்தால் கிடைக்கும் என்று நான் நினைத்தேனோ, அந்தப் படத்தால் கிடைக்கவில்லை.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், அந்த வீட்டு வாசல் வரை கேமராவோடு போய்விட்டு யோசிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயர் தேடுகிறான் என்று சொல்பவர்களுக்கு: அந்த வீட்டாரின் பெயரும் இங்கே இருக்காது, படமும் இருக்காது.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் கல்யாணப் படம் எடுப்பவன். பக்கத்துப் பிறையில் தொழிற்பேட்டை வந்த பிறகு ஜூரு ஆறு கெட்டது. கோலா ஜூரு மீனவர்கள் பிழைப்பிழந்து 1970களில் போராடினார்கள், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்றது. இதெல்லாம் அப்பா சொல்லிக் கேட்டவை. நான் சொல்லும் குடும்பமும் அந்தப் பக்கம்தான். வேலை பார்த்த எஸ்டேட் தோட்டம் விற்கப்பட்டபோது வெளியேறி, ஆலைகளுக்குப் பின்னால் கால்வாயோரம் தகரக் கூரை போட்டுக்கொண்டவர்கள். நான் அக்கா என்று கூப்பிடும் அந்த வீட்டம்மா, லோரியில் மூட்டை இறக்கும் கணவர், மூன்று பிள்ளைகள். கட்டணம் பாக்கி விழுந்து குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. பிறகு கிணறுதான். கிணற்றுக்கும் கால்வாய்க்கும் இடையே நான் பதினோரு அடி எண்ணினேன். நடுப்பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயது, முழங்கைக்குக் கீழே முழுக்கப் புண்.

மாலை வெளிச்சத்தில் அவள் கிணற்றடியில் கையை நீட்டி நிற்கும் படம் ஒன்று அமைந்தது. அக்காவிடம் கேட்டேன். "போடு தம்பி, யாராச்சும் பார்த்து ஏதாச்சும் செய்யட்டும்" என்றார். பெண்ணிடம் நான் கேட்கவில்லை.

இரண்டே நாளில் அது ஊரெல்லாம் சுற்றியது. அரிசி வந்தது, பிஸ்கட் டின் வந்தது, பதாகை பிடித்து நின்று படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். பள்ளியில் பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். ஒரு வாரம் அவள் பள்ளிக்கே போகவில்லை. "அங்கிள், அதை எடுத்துடுங்க" என்றாள். எடுத்தேன். பகிர்ந்தவர்களைத் தேடிப்போய்க் கெஞ்சினேன். இன்னும் எங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஜப்பானில் மினமாட்டாவில் பாதரசக் கழிவால் நோயோடு பிறந்த பெண்ணைத் தாய் குளிப்பாட்டும் படம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1971 டிசம்பரில் எடுத்தது. உலகம் மினமாட்டாவைத் திரும்பிப் பார்க்க அந்தப் படம் பெரிய காரணம். அந்தப் பெண் 1977இல் 21 வயதில் இறந்தாள். மகள் இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். 1998இல் ஸ்மித்தின் முன்னாள் மனைவி அந்தப் படத்தின் உரிமையைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உதவியது வேறு படங்கள். பகல் பத்து மணிக்கு அதிகாரிகள் வந்து பார்த்தபோதெல்லாம் கால்வாய் சாதாரணமாகத்தான் இருந்தது. "ராத்திரி மழை பெய்யுறப்போ வந்து பாரு" என்றார் அக்கா. அப்படிப் பதினொரு இரவு போனேன். இரண்டரை, மூன்று மணிக்கு ஒரு குழாயிலிருந்து மஞ்சளாக வரும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று எடுத்தேன். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளை அந்தத் தண்ணீரில் நனைத்து, நிற அட்டையோடு சேர்த்துப் பக்கத்தில் வைத்து எடுத்தேன். மலேசியாவின் 2009 ஆலைக் கழிவுநீர் விதிகளில், பி பிரிவில் வரும் கழிவுநீரின் பி.எச். 5.5க்குக் கீழே போகக்கூடாது; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். தாள் 3, 4 என்றே காட்டியது. தாள் காட்டுவது ஆய்வக முடிவாகாது, தெரியும். எந்த நேரத்தில் வந்தால் பிடிக்கலாம் என்று காட்ட அது போதுமாக இருந்தது.

அசல் கோப்புகளை அதிகாரிகளிடம் பென் டிரைவில் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால், எடுத்த தேதியும் நேரமும் கோப்பிலிருந்து போய்விடும். அந்த நேரக் குறிப்பை வைத்துத்தான் அதிகாரிகள் ஓர் இரவு வந்து மாதிரி எடுத்தார்கள். அந்தக் கழிவுக் குழாய் நின்றது. கிணற்றையும் கால்வாயையும் ஒரே ஃபிரேமில் காட்டிய படத்தை ஒரு சேவை மையத்தில் வைத்துப் பேசியதில், தண்ணீர்ப் பாக்கியைத் தவணையில் கட்ட ஒத்துக்கொண்டு வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்கள். புண் ஆறியது. தண்ணீரால்தான் வந்ததா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆறியதைக் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்த மாதம் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாண வீட்டார் ஆல்பம் பாக்கி 1,800 வெள்ளியை (ரிங்கிட்) தராமல், "நீங்கதான் பொதுச்சேவை செய்றவராச்சே, பொறுங்க" என்றார்கள். இன்றுவரை வரவில்லை. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் கட்டுகிறோம், படம் எடுத்தவனை மட்டும் ஏன் இப்படி அலைய விடுகிறோம்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மனசில் கிடக்கிறது.

ஆலையே வேண்டாம் என்கிறான் என்று யாரும் வரவேண்டாம். என் தம்பி குடும்பமே பிறையில் ஆலைச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

நீங்கள் ஏற்கெனவே எடுத்திருந்தால், பிள்ளைகள் முகம் தெரியும் படங்களைத் தனியே வையுங்கள். அம்மா சம்மதித்தாலும் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். கால்வாய், குழாய், மீட்டர், மருந்துச் சீட்டு, இவற்றை எடுங்கள். திரும்பத் திரும்பப் போங்கள். அசல் கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.