உருகிப் பிரிந்த கார் மெழுகை அடுப்பில் வைக்காதீர்கள்

காட்பாடி வெயிலில் நின்ற காருக்குள், காரைப் பளபளப்பாக்கத் தேய்க்கும் கார்னாபா (ஒருவகைப் பனை இலையிலிருந்து எடுப்பது) மெழுகு டப்பாவிலேயே உருகிப் பிரிந்துவிட்டது, கேஸ் அடுப்பில் வைத்து உருக்கிக் கலக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். சுத்தமான கார்னாபா 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும்; வேலூர் வெயில் மட்டும் அதற்குப் போதாது. டப்பாவில் அதோடு கலந்திருக்கும் எண்ணெயும் பெட்ரோலியக் கரைப்பானும்தான் முன்கூட்டியே இளக வைத்திருக்கின்றன. அந்தக் கரைப்பானின் ஆவி அடுப்புத் தீயைப் பார்த்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

வெந்நீரை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். மூடியைத் தளர்த்தி டப்பாவை அதில் பாதியளவு அமிழ்த்துங்கள். தண்ணீர் உள்ளே போகக் கூடாது. இளகியதும் ஐஸ் குச்சியால் கிளறி, அப்புறம் நிழலில் அசைக்காமல் ஆறவிடுங்கள். கரைப்பான் கொஞ்சம் ஆவியாகியிருந்தால் முன்பைவிடக் கெட்டியாக இருக்கும். மெல்லிசாகத் தேய்த்தால் போதும்.