எந்தத் தெரு, எந்தக் கிழமை?

கேள்வி: என் கணவருக்கு கென்யா நாட்டு நைரோபியில், ஒரு மருந்துக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம், ஆபீஸ் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில். பெண்ணுக்கு மூன்று வயது, பையனுக்கு ஏழு மாதம். அந்த ஊர் நாடாளுமன்றத்துக்குத் தீ வைத்ததை டிவியில் பார்த்ததிலிருந்து மாமியார், "குழந்தைகளை என்கிட்ட விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் போங்க" என்கிறார். கணவரோ எல்லோரும் ஒன்றாகவே கிளம்பலாம் என்கிறார். நீங்கள் அங்கே இருந்தவர் என்பதால் கேட்கிறேன். போகலாமா? சமையல் சாமான் என்ன எடுத்துப்போவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொளத்தூர், சென்னை-99

பதில்: போங்கள். ஆனால் கணவர் முதலில் போகட்டும். நீங்களும் குழந்தைகளும் மூன்று மாதம் கழித்துப் போங்கள். கலவரத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை, உங்கள் பையனின் வயதை வைத்துச் சொல்கிறேன்.

கென்யாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லையென்றால் ஏர்போர்ட்டிலிருந்து நேராகத் தனிமை வார்டுதான், ஆறு நாள் வரைக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு விலக்கு உண்டு. உங்கள் பையன் அதைத் தாண்டிவிட்டான். ஊசியோ ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான் போடுவார்கள். போட்டுப் பத்து நாள் ஆனால்தான் சான்று செல்லும். நாளைக்கே அங்கே ஏதாவது ஆகி அவசரமாக ஊர் திரும்ப வேண்டி வந்தால், கைக்குழந்தையோடு வார்டில் உட்காரப்போவது நீங்கள், உங்கள் கணவர் அல்ல. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி உண்டு. என்றைக்குப் போடுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். பால் கொடுக்கும் தாய் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஒன்பதாம் மாதம் பையனுக்குத் தட்டம்மை ஊசியும் வரும். இரண்டையும் எப்படிப் போடுவது, இடைவெளி எவ்வளவு என்று குழந்தை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே, பையனின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் கார்ப்பரேஷனில் கட்டணமில்லாமல் சேர்த்துவிடலாம்.

இனி, கலவரம். நீங்கள் டிவியில் பார்த்தது 2024 ஜூன் 25. வரி உயர்வு மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள், ஒரு பகுதிக்குத் தீ வைத்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் பலர் செத்தார்கள். மறுநாளே அதிபர் ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார். அந்தப் போராட்டம் பெரும்பாலும் செவ்வாய், வியாழன்களில் நடந்தது, அதுவும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு. 2025-ல் அதே ஜூன் 25-லும், பிறகு ஜூலை 7-லும் மறுபடி உயிர்ச்சேதம். அடுத்த பொதுத் தேர்தல் 2027 ஆகஸ்ட் 10. இந்தத் தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் இப்போதே வட்டம் போடுங்கள். அந்த நாட்டில் பயமில்லாமல் இருக்கலாமா என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்தத் தெரு, எந்தக் கிழமை என்று கேளுங்கள், உள்ளூர்க்காரர் யாராக இருந்தாலும் சொல்வார்.

2007 டிசம்பர் 27 தேர்தலின்போது நாங்கள் நைரோபியின் பார்க்லாண்ட்ஸ் பகுதியில் இருந்தோம், சின்னவன் பால்குடி. 30-ம் தேதி முடிவை அறிவித்ததும் நாடு பற்றிக்கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், ஆறு லட்சம் பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். பிப்ரவரி 28-ல் ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் நடுவில் இருந்து, அதிபர் கிபாக்கியையும் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ஒடிங்காவையும் சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைக்கும்வரை நிம்மதியில்லை. எங்கள் தெருவில் ஒரு கல்கூட விழவில்லை என்பதும் உண்மை. பாலுக்கும் செல்போன் ரீசார்ஜ் கார்டுக்கும்தான் அலைந்தோம். டிவியில் நேரடி ஒளிபரப்புக்குத் தடை. எங்களுக்குச் செய்தி நிலையமே கேட் வாட்ச்மேன்தான், அஸ்காரி என்பார்கள். அவர் வீடு கிபேரா என்ற குடிசைப் பகுதியில், போக வழியில்லாமல் கேட் அறையிலேயே தங்கிவிட்டார். காதில் எப்போதும் சின்ன டிரான்சிஸ்டர். யார் கார் எடுக்க வந்தாலும் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பார்கள். கட்டைவிரலைத் தூக்கினால் பக்கத்துப் பகுதியான வெஸ்ட்லண்ட்ஸ் வரை போய்வரலாம். உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மாடியேற வேண்டியதுதான். மக்காச்சோள மாவு பாக்கெட்டுகள் ஆளுக்கொன்றாக அவர் அறைக்குப் போயின. அதை உபகாரம் என்று யாரும் நினைக்கவில்லை. நீங்கள் போனதும் முதலில் பழக வேண்டியது தமிழ்ச் சங்கத்தோடு அல்ல, உங்கள் அஸ்காரியோடு.

வீடு விஷயத்தில் கணவரிடம் கண்டிப்பாக இருங்கள். நம்மவர்கள் எல்லோரும் பார்க்லாண்ட்ஸைத்தான் சொல்வார்கள். கோயில், இந்தியக் கடை எல்லாம் பக்கம், நல்ல இடம்தான். ஆனால் அங்கிருந்து இண்டஸ்ட்ரியல் ஏரியா போக, அடையாறிலிருந்து பெரம்பூர் போகிறவர் அண்ணா சாலையைத் தொடுகிற மாதிரி, நகர மையத்தை ஒட்டித்தான் போக வேண்டும். போராட்டம் நடக்கிற இடமே அதுதான். சவுத் பி, சவுத் சி பக்கம் வீடு பார்த்தால் அந்தத் தொல்லை இல்லை. பார்க்லாண்ட்ஸ்தான் வேண்டுமென்றால், போராட்ட நாளில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். இந்த மூன்று மாதத்தில் அவருக்கு இதுதான் வேலை. இந்தியத் தூதரகத்தில் உங்கள் நான்கு பேர் பெயரையும் பதிவு செய்வதும் அவர் பொறுப்பு. அங்கே காய்கறிக்காரருக்கும் எம்-பெசாவில், செல்போன் வழியாகத்தான் பணம். ஆனாலும் ஒரு வாரச் செலவுக்கு ரொக்கம் வீட்டில் இருக்கட்டும்.

மாமியார் சொல்வது பாசத்தில். ஆனால் ஏழு மாதக் குழந்தையை இரண்டு வருடம் விட்டுவிட்டுப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவரையே மூன்று மாதம் கூட அழைத்துப் போங்களேன்! அவருக்கும் அதே மஞ்சள் காய்ச்சல் ஊசி உண்டு. அறுபது தாண்டியவர் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சாமான்? துவரை அந்த நாட்டிலேயே விளைகிறது, பருப்பு மூட்டை கட்டாதீர்கள். புளி, பெருங்காயம், குழம்புப்பொடி போதும். ஊர் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ரொம்ப நேரமாகும். குக்கரும், உபரியாக இரண்டு கேஸ்கெட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ஸ்வெட்டரும் வேண்டும். ஜூலையில் அங்கே குளிர்!