ஆள்காட்டிப் படம் அசலா?

கேள்வி: புதுச்சேரியில் ஒரு பழம்பொருள் கடையில் சட்டமிட்ட பறவைப் படம் பார்த்தேன். நம் மஞ்சள்மூக்கு ஆள்காட்டிதான். அடியில் ஏதோ பிரெஞ்சு எழுத்து. அதில் 'மலபார்' என்பது மட்டும் புரிந்தது. 1770களில் கையால் வரைந்தது என்று சொல்லிப் பெரிய விலை கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மையாக இருக்கலாம். பாரிசில் இயற்கை ஆய்வாளர் புஃபோனின் பறவை நூல்களுக்குத் துணையாக, 1765 முதல் மார்தினே என்பவர் செதுக்கிய வண்ணப் படங்கள் வெளிவந்தன. மொத்தம் 1008, அவற்றில் 973 பறவைகள். உங்கள் ஆள்காட்டியும் அதில் உண்டு. 1783இல் போடார்ட் என்ற டச்சு அறிஞர் அந்தப் படங்களைப் பார்த்தே அறிவியல் பெயர்கள் சூட்டினார். இந்தப் பறவையின் பெயரில் 'மலபாரிகஸ்' ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

ஆனால் அது ஓவியமல்ல, அச்சு. செப்புத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி அச்சிட்டு, பிரதிக்குப் பிரதி தூரிகையால் நீர்வண்ணம் பூசினார்கள்.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் உருப்பெருக்கியை எடுத்துச் செல்லுங்கள். வண்ணம் நுண்புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அது நவீன அச்சு. பழைய அச்சில் கோடு கறுத்து, தாளிலிருந்து சற்றே மேடாக நிற்கும். வண்ணம் ஆங்காங்கே கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளமும் இருக்க வேண்டும், ஓரம் வெட்டப்படாதிருந்தால். பெயர் இலத்தீனில் இருந்தால் அது இந்தத் தொகுதியே அல்ல. இதில் பிரெஞ்சுப் பெயரும் எண்ணும் மட்டுமே.

அடுத்தது தாள். சட்டத்தைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பழைய தாளில் நெருக்கமான கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும், இடைவெளி விட்ட கோடுகளும் தெரியும். புறஊதா விளக்கில் தாள் நீலமாய்ப் பளிச்சிட்டால், அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. அது இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு.

பறவை விறைப்பாக நிற்கிறதே என்று சந்தேகப்படாதீர்கள். அக்கால ஓவியர்கள் பலர் உயிருள்ள விலங்கைக் கண்டதே இல்லை. 1772இல் ஆங்கில ஓவியர் ஸ்டப்ஸ் கங்காருவை வரைந்ததே, கப்பலில் வந்த தோலை ஊதி உப்பவைத்துத்தான்!

ஒரு சிக்கல் மட்டும் எனக்கே தொல்லை தருவது: அச்சு பழையதாகவே இருந்தாலும், வண்ணம் பிற்காலத்தில் பூசியதாக இருக்கலாம். அதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

வாங்கினால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வண்ணம் கரையும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பின்பலகையை எடுத்துவிட்டு அமிலமற்ற அட்டை வையுங்கள். வெயில் படாத உட்சுவரில் மாட்டுங்கள். கடலோரக் காற்றில் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் சீக்கிரம் வரும்.

சட்டத்தைக் கழற்றக் கடைக்காரர் மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.