மாநகருக்குள் வேளாண் ஆராய்ச்சி மையம் நடத்த விரும்பும் மகள்: பெரம்பூர்த் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் பின்னிக் கிடக்கின்றன. பெரம்பூரில் பிறந்து வளர்ந்த, சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத குடும்பத்துப் பெண் வேளாண்மை படித்து என்ன செய்வாள் என்பது ஒன்று. மாநகருக்குள் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி மையம் ஒன்றை நிர்வகிக்க வேண்டும் என்று அவள் சொல்வது நிஜமான வேலையா, பிளஸ் டூ முடித்த வயதில் வரும் ஆசையா என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை கிடைத்தால் முதலாவதைப் பற்றிப் பேசுவது எளிதாகிவிடும்.

அது நிஜமான வேலைதான். ஆனால் எந்தப் பட்டப்படிப்பை முடித்தவுடனும் கையில் கிடைத்துவிடும் வேலை அன்று. இத்தகைய மையத்தின் தலைவர் முதலில் ஒரு ஆராய்ச்சியாளர். மண்ணியலிலோ தோட்டக்கலையிலோ பயிர் நோயியலிலோ தன் பெயர் சொல்லும்படி வேலை செய்து காட்டியவர். நிர்வாகப் பொறுப்பு அதன் பிறகுதான் அவரிடம் வருகிறது. மத்திய அரசின் ஆதரவில் நாடு முழுவதும் இயங்கும் எழுநூறுக்கும் மேற்பட்ட வேளாண் அறிவியல் நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் முதலாவது 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. அந்த நிலையங்களின் தலைவர் பதவிக்கு முனைவர் பட்டமும் அதற்கேற்ற பல ஆண்டு ஆராய்ச்சி அல்லது விரிவாக்க (ஆய்வு முடிவுகளை விவசாயிகளிடம் கொண்டு சேர்க்கும்) அனுபவமும் கேட்கப்படுகின்றன. ஆகவே உங்கள் மகள் இன்று முடிவு செய்ய வேண்டியது முதல் நான்கு ஆண்டுப் படிப்பைப் பற்றி மட்டுமே. மையத் தலைமை என்பது முப்பதுகளின் பிற்பகுதியில் வரக்கூடிய ஒன்று. அதை நினைத்து இப்போதே நீங்கள் தூக்கம் இழக்கத் தேவையில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் பலரும் அதை மாடித்தோட்டம் வளர்ப்பதன் பெரிய வடிவம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். கிராமப்புற ஆராய்ச்சி நிலையத்துக்கு ஏக்கர் கணக்கில் நிலம் உண்டு. அங்கு கேள்வி பெரும்பாலும் பயிரைப் பற்றியது. மாநகரத்தில் கேள்வி இடத்திலிருந்தே தொடங்குகிறது. மக்கள் நடமாடக்கூடிய தட்டையான மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லும் சுமை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஓர் அடி உயரத்துக்கு ஈரமண்ணைக் கொட்டினால் அதே ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய அரை டன் எடை ஏறும். எனவே மண்ணைக் குறைத்து, தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்த இலேசான வளர்ப்பு ஊடகத்தை உருவாக்கிச் சோதிப்பதே ஆராய்ச்சியாகிறது. கழுவாத நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கும். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனை அளந்து, எத்தனை முறை அலசினால் கீரை விதை முளைக்கும் என்று கண்டறிந்து சொல்வது அங்குள்ள விஞ்ஞானியின் பணி.

உரத்திலும் இதே நிலைதான். கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவு ஒருபுறம், வீடுகளிலிருந்து வரும் கலப்புக் குப்பை மறுபுறம் என்று மட்கும் பொருளுக்குச் சென்னையில் பஞ்சமே இல்லை. ஆனால் பேட்டரித் துண்டும் பெயின்ட் கசடும் கலந்த குப்பையிலிருந்து வரும் உரத்தில் கன உலோகங்கள் சேர்ந்துவிடும். நகரக் கழிவு உரத்தில் ஒரு கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமுக்கும் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது என்று உரக் கட்டுப்பாட்டு ஆணை வரையறுத்திருக்கிறது. நெரிசலான சாலையோரத்திலோ பழைய தொழிற்கூடம் இருந்த மனையிலோ கீரை பயிரிட்டு உண்ணலாமா என்று ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் கேட்டால், மண்ணையும் இலையையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, ஆம் அல்லது இல்லை என்று கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டியவர் மையத் தலைவர். குழந்தைகள் உண்ணும் உணவைப் பற்றிய அந்தக் கையெழுத்தின் பொறுப்பு எத்தகையது என்பதை உங்கள் மகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். என்னைப் பொறுத்தவரை இந்தத் தொழிலின் மதிப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் தனிப் பாடம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2015இல் வெள்ளத்தையும் 2019இல் வறண்ட ஏரிகளையும் ஒரே நகரம் நான்கு ஆண்டு இடைவெளியில் பார்த்தது. குடிக்கவே லாரிக்குக் காத்திருக்கும் மே மாதத்தில் செடிக்கு நல்ல நீரைக் கேட்பது நியாயமாகாது. சுத்திகரித்த கழிவுநீரையும் சமையலறையில் கழுவிய நீரையும் எந்தப் பயிருக்கு, எந்த அளவில் பயன்படுத்தலாம் என்பது இந்த நகரத்துக்கே உரிய ஆராய்ச்சிக் கேள்வி. இரவிலும் வெக்கை தணியாத மாதங்களில் தக்காளி பூத்தும் காய் பிடிக்காமல் உதிர்வதைத் தாங்கும் இரகங்களைத் தேடுவதும் அப்படித்தான்.

இனி நிர்வாகத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியைத்தான் கல்லூரிகள் மிகக் குறைவாகச் சொல்லித்தருகின்றன. மையத் தலைவர் இரண்டு நாட்காட்டிகளுக்கு நடுவே வாழ்கிறார். பயிருக்கு ஆடிப்பட்டம், மார்கழிப் பனி, சித்திரை வெயில் என்ற வரிசை. அரசு நிதிக்கு ஏப்ரல் தொடங்கி மார்ச் 31 முடிய என்ற வரிசை. ஆடியில் விதைக்க வேண்டிய ஆய்வுக்கு உரிய தவணை ஐப்பசியில் வந்து சேர்ந்தால் அந்த விதைப்புப் பருவம் போனது போனதுதான். ஆனால் செலவழிக்காத பணத்துக்கு மார்ச் மாதத்தில் விளக்கம் எழுத வேண்டும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும். விதையையும் நிழல்வலையையும் ஆய்வுக்கூட இரசாயனங்களையும் கொள்முதல் விதிகளின்படி முன்கூட்டியே வாங்கி வைத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, தணிக்கைக்கு வருபவரிடம் ஒவ்வொரு பொருளையும் காட்டும் ஒழுங்கு இருப்பவரால்தான் விதைப்பு நாளைத் தவறவிடாமல் காக்க முடியும். நல்ல விஞ்ஞானிகள் சிலர் இந்த ஒழுங்கு இல்லாததாலேயே திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்களை நடத்துவதும் இதில் அடங்கும். நிரந்தர விஞ்ஞானிகள் சிலர், திட்டக் காலம் முடிந்ததும் வேலை முடிந்துவிடும் இளநிலை ஆராய்ச்சியாளர்கள் சிலர், பண்ணை மேலாளர், தினக்கூலிப் பணியாளர்கள் என்று நான்கு விதமான மனிதர்களும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள். நாற்றங்காலில் பல ஆண்டுகள் உழைத்த ஒரு பெண் பணியாளருக்கு மாவுப்பூச்சி எந்த மூலையில் முதலில் வரும் என்று முனைவர் பட்டம் பெற்றவரைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம். அவரிடம் கேட்டுக்கொள்ளும் பணிவு தலைவருக்கு வேண்டும். மாநகரத்தில் இதற்கு மேல் அக்கம்பக்கத்தாரும் உண்டு. உரக்குழி நாறுகிறது என்பார்கள். திறந்த தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று மாநகராட்சிச் சுகாதாரப் பணியாளர்கள் பார்க்க வருவார்கள். டெங்கு பரவும் ஊரில் அந்தச் சோதனை மிகவும் தேவையானது. தொட்டிகளை மூடி வைப்பதும் ஆராய்ச்சி நிர்வாகத்தின் ஒரு பகுதியே.

இந்த இடத்துக்கு வரும் வழியைச் சொல்கிறேன். நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பில் வேளாண்மையோ தோட்டக்கலையோ எடுக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதற்கான சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி நடக்கிறது, நீட் தேவையில்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வேளாண் படிப்புகளுக்கும் பொருந்தும். பிற மாநில வேளாண் பல்கலைக்கழகங்களில் உள்ள அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு கியூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிறகு இரண்டு ஆண்டு முதுநிலை, குறைந்தது மூன்று ஆண்டு முனைவர் பட்டம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிப் பணிக்கு வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 57,700 ரூபாய், படிகள் தனி. அப்பணிக்குத் தேர்வாகும் புதியவர்களுக்கு ஹைதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் ஆராய்ச்சி மேலாண்மைக் கழகம் அடிப்படைப் பயிற்சி தருகிறது. நிர்வாகம் முறையாகக் கற்பிக்கப்படும் இடம் அது.

வீட்டருகிலேயே தாவரவியல் பட்டம் படிக்கட்டும், பிறகு வேளாண்மைக்கு மாறிக்கொள்ளலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கமாட்டேன். வேளாண் முதுநிலைப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வேளாண்மை அல்லது தோட்டக்கலை இளநிலைப் பட்டமே தகுதி. மூன்று ஆண்டு கழித்து அந்தக் கதவு மூடியிருப்பதைக் கண்டு வருந்துவதைவிட இப்போதே கோயம்புத்தூருக்கோ வேறு உறுப்புக் கல்லூரிக்கோ அனுப்புவது மேல். விடுதி வாழ்க்கையை நினைத்து அஞ்சுகிறீர்கள். அந்த அச்சம் இயல்பானது. ஆனால் விடியற்காலையில் வயலில் நிற்பதும், இறுதி ஆண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு பழகும் ஊரகப் பணி அனுபவமும் இல்லாமல் இந்தப் படிப்பு முழுமையாகாது. நகரத்தில் வளர்ந்த பெண்ணுக்கு அது இன்னும் அதிகமாகத் தேவை. தனியார் கல்லூரியைப் பார்ப்பதானால் பல்கலைக்கழக இணைப்பு உண்டா, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் நடப்பில் உள்ளதா, மாணவர்கள் இறங்கி வேலை செய்யும் சொந்தப் பண்ணை எவ்வளவு என்ற மூன்றையும் நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

நீட் தேர்வுக்கு இன்னும் ஓர் ஆண்டு படிக்க வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் அவள் மருத்துவராக விரும்புகிறாள் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. அவள் கேட்காத ஒன்றுக்காக ஓர் ஆண்டையும் பயிற்சிக் கட்டணத்தையும் செலவிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மையத் தலைமை வரை போகாவிட்டாலும் இந்தப் பட்டம் வீணாகாது. அரசின் வேளாண், தோட்டக்கலை அலுவலர் பணிகள், வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணி, விதை மற்றும் உணவுத் தரப் பரிசோதனை நிறுவனங்கள் என்று வழிகள் பல.

சென்னைக்கும் வேளாண் கல்விக்கும் என்ன தொடர்பு என்று உங்கள் கணவர் கேட்டாராம். இன்றைய கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளிதான் என்று அவரிடம் சொல்லுங்கள். தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் 1988இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. திருவள்ளூர் அருகே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் நெடுங்காலம் விற்ற ஐ.ஆர்.20 அரிசியின் தாய் தந்தை இரகங்களில் ஒன்றான டி.கே.எம்.6 அங்கிருந்து வந்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் சென்னையில் நடத்தும் தகவல் மற்றும் பயிற்சி மையத்தில் மாடித்தோட்டம், காளான் வளர்ப்பு போன்றவற்றுக்குப் பொதுமக்களுக்கே பயிற்சி தருகிறார்கள். அவளை ஒரு பயிற்சிக்கு அனுப்புங்கள். நீங்களும் உடன் செல்லுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் அவள் வீட்டிலேயே ஒரு வேலை செய்யட்டும். மொட்டைமாடியில் பன்னிரண்டு வளர்ப்புப் பைகள் போதும். வெறும் மண், மண்ணோடு மட்கிய உரம், அலசிய நார்க்கழிவோடு மட்கிய உரம் என்று மூன்று ஊடகங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பைகள். எந்தப் பை எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து வைக்க வேண்டும். அப்போதுதான் சுவரோர நிழல் ஒரு வகைக்கு மட்டும் சாதகமாகாது. எல்லாப் பைகளிலும் ஒரே நாளில் ஒரே எடை சிறுகீரை விதை. முளைத்த நாள், ஊற்றிய நீரின் அளவு, பறித்த கீரையின் எடை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டிலும், வாங்கிய ஒவ்வொரு பொருளின் விலையையும் ரசீதோடு இன்னொரு குறிப்பேட்டிலும் அவளே எழுதட்டும். ஒரு மாதத்துக்குள் அறுவடை முடிந்துவிடும். முதல் குறிப்பேட்டில் ஆர்வமும் இரண்டாவதில் அலுப்பும் தெரிந்தால் அவளுக்கு ஆராய்ச்சி பொருந்தும், நிர்வாகத்தைப் பிறகு பழகிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருந்தால் அவள் தன்னைச் சரியாகவே அறிந்திருக்கிறாள் என்று பொருள். கல்லூரிகளின் விருப்ப வரிசையை நிரப்ப என்னிடம் வரும்போது, மதிப்பெண் பட்டியலோடு அந்த இரண்டு குறிப்பேடுகளையும் கொண்டு வாருங்கள்.