செல்ஃப் சுற்றுகிறது, டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை: முதலில் புகையைப் பாருங்கள்

கேள்வி: முந்தாநாள் டிராக்டருக்கு டீசல் ஃபில்டர் நானே மாற்றினேன். நேற்று சாயங்காலம் வரை நன்றாக உழுதது. இன்று காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவே இல்லை. சைலன்சரில் புகையும் வரவில்லை. டேங்கில் கால்வாசி டீசல் இருக்கிறது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிப் பார்க்கலாமா? கொஞ்ச தூரம் இழுத்து ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். புகை வரவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் அழுத்துகிற அழுத்தத்தில் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. டீசல் உள்ளே போய்ப் பற்றாமல் இருந்தால் செல்ஃப் அடிக்கும்போதே சைலன்சரில் வெள்ளையாகப் புகை வரும், பச்சை டீசல் வாடை மூக்கில் ஏறும். உங்களுக்கு எதுவுமே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டர் வரைக்கும் போய்ச் சேரவில்லை. அந்த நிலையில் இழுத்து ஸ்டார்ட் செய்தாலும் போகாத டீசல் போகாதுதான்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், இன்ஜினை நிறுத்த இழுக்கிற ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். ஒருமுறை அரை நாள் உட்கார்ந்து நாசில் எல்லாம் கழற்றி மாட்டிய பிறகுதான், துரு ஏறிய ஸ்டாப் கேபிள் இன்ஜெக்‌ஷன் பம்ப் (நாசிலுக்கு டீசலைத் தள்ளும் பம்ப்) பக்கம் பாதியிலேயே நின்றிருந்ததைக் கவனித்தேன். குமிழை உள்ளே தள்ளினால் மட்டும் போதாது, பம்பில் இருக்கும் அந்தச் சின்ன லீவர் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஸ்டாப் கேபிளுக்குப் பதில் சாவியிலேயே நிற்கிற வண்டி என்றால், சாவி போடும்போது பம்பில் டீசலைத் திறந்துவிடும் மின்காந்த வால்வான சொலினாய்டு 'டக்' என்று சத்தம் போட வேண்டும். சத்தம் இல்லையென்றால் அதன் ஒயர், ஃப்யூஸைப் பாருங்கள். அடுத்து டேங்க் வால்வு திறந்திருக்கிறதா, டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை மண் அடைத்திருக்கிறதா. மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று இழுத்தால் அடைப்பு அங்கேதான்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மிச்சம் ஏர் லாக், அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்து டீசலை மறிப்பது. ஃபில்டர் மாற்றிய வண்டி என்பதால் என் சந்தேகம் முழுக்க இதன்மேல்தான். நேற்று ஓடியது இன்று எப்படி ஏர் பிடிக்கும் என்று கேட்பீர்கள். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் மேலே தலைப்பகுதியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், கருப்பு மேல் கருப்பு, கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் புது வளையத்தோடு ஃபில்டரை முடுக்கினால் இரண்டு வளையமும் சரியாக உட்காராது. ஓடும்போது லேசாகக் கசிந்தாலும் வண்டி ஓடிவிடும். இரவு நின்றதும், டேங்கில் டீசல் மட்டம் குறைவாக இருந்தால், குழாயில் உள்ள டீசல் மெல்லப் பின்னால் இறங்கும், அந்த இடத்துக்குக் காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் முதலில் ஃபில்டரைக் கழற்றி மேலே விரலால் தடவிப் பாருங்கள். அப்படியே குழாய் மாட்டும் போல்ட்களில் இருக்கும் செம்பு வாஷர்களையும் பாருங்கள், நசுங்கியதைத் திரும்பப் போடாதீர்கள்.

அப்புறம் ஏர் எடுக்க வேண்டும். டேங்கில் இன்னும் கொஞ்சம் டீசல் ஊற்றிக்கொள்ளுங்கள். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைச் சுற்றித் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு இரண்டு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்பில் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்ப்) கையால் இயக்கும் ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழும் டீசலுமாக வரும், குமிழே இல்லாமல் கண்ணாடி போல் டீசல் வரும்போது அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை முடுக்குங்கள். பிரைமர் அடிக்கும்போது கைக்குக் கனமே தெரியாமல் தொளதொளவென்று இருந்தால், லீவர் வைத்த பம்பாக இருந்தால் உள்ளே கேம் மேடு (பம்பை இயக்கும் புடைப்பு) அதைத் தள்ளிக்கொண்டு நிற்கும், இன்ஜினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பில் உள்ள ஏர் ஸ்க்ரூவிலும் இதே வேலை.

இதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் மட்டும் நாசிலுக்குப் போகும் குழாய் நட்டுகளை, பெரும்பாலும் 17 அல்லது 19 நம்பர் ஸ்பேனர் பிடிக்கும், ஒரு சுற்று தளர்த்திவிட்டு ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். ஒவ்வொன்றிலும் டீசல் துள்ளித் துள்ளி வந்ததும் முடுக்கிவிடலாம். அங்கே விரலை வைத்துப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைக் கிழித்து உள்ளே இறங்கும், அப்படி இறங்கினால் சின்னக் காயம்தானே என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் மிக அதிக அழுத்தத்தில் டீசலைத் தேக்கிவைக்கும் காமன் ரெயில் இன்ஜின் என்றால் இந்த நட்டுகளைத் தொடவே கூடாது.

செல்ஃப் ஒரு தடவைக்கு 10 முதல் 15 வினாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். காலையிலிருந்து அடித்திருப்பீர்கள், பேட்டரி பாதி இறங்கியிருக்கும். மெதுவாகச் சுற்றினால் காற்று சூடாகாது, அப்புறம் எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகாது, நீங்கள் ஏரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஏர் எடுத்த பிறகு வெள்ளைப் புகை வந்து, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை என்றால் கதை வேறு: டீசலில் தண்ணீர், ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில், கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் அளவு) என்று போகும். தண்ணீரை ஃபில்டர் அடியில் உள்ள வடிகாலைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தே பார்த்துவிடலாம், அடியில் தனியாக நிற்கும். கம்ப்ரஷன் பார்க்க மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், குளிரில் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது வெடிக்கும், கேட்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் தடுமாறும், மிச்சக் காற்று போனதும் சீராகிவிடும். கால் மணி நேரம் ஓடவிட்டு ஃபில்டரைச் சுற்றி ஒரு காய்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். காகிதம் நனைந்தால் வளையம் இன்னும் சரியாக உட்காரவில்லை, நாளைக் காலையும் இதே வேலைதான்.